அசலா, ரெப்ளிக்காவா, போலியா? பழைய ரேஸ் பைக்கை அடையாளம் காண்பது எப்படி? சோழவரம் சொல்லும் பாடம்

மீஞ்சூர், காட்டூர், பழவேற்காடு பக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 'சோழவரம் ரேஸ்' என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கும் முகம் மலரும். ஆண்டுதோறும் அந்த விமான ஓடுதளத்தில் பைக்குகளும் கார்களும் சீறிய காலம் அது. இன்று அங்கே ரேஸ் இல்லை. ஆனால் 'இது சோழவரத்துல ஓடின வண்டிங்க' என்று சொல்லி பழைய புல்லட்டையோ ஜாவாவையோ விற்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

அந்தப் பேச்சை நம்பலாமா? ரேஸ் பைக் விஷயத்தில் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? அச்சு அசலாக ஒரு வண்டியைப் புதிதாகக் கட்டினால் அது ஏமாற்று வேலையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோழவரத்துக்கும் பைக் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?

சோழவரம் ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர் விமானங்களுக்காகப் போடப்பட்டது. போர் முடிந்ததும் நீண்ட, நேரான தளம் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்த ஆரம்பித்தது. 1980-களின் இறுதி வரை இந்திய மோட்டார் பந்தயத்தின் முக்கிய முகவரியாக சோழவரம்தான் இருந்தது. அதன்பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த ரேஸ் டிராக் வந்தது. 1990-ல் அது திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

போர்க்கால ஓடுதளம் பந்தயத் தளமாக மாறியது இங்கு மட்டும் நடந்த கதை இல்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோனும் ஒரு காலத்தில் விமானப்படைத் தளம்தான். இலங்கையில் கட்டுக்குருந்த விமானத் தளத்திலும் இப்படிப் பந்தயங்கள் நடந்தன.

அதே வடசென்னைப் பக்கம் இன்னொரு விஷயமும் நடந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 350 சிசி புல்லட் தயாரானது. அதாவது வண்டி பிறந்த இடமும், அது வேகம் காட்டிய இடமும் ஒரே வட்டாரத்தில். அதனால்தான் இந்தப் பகுதியில் பழைய பைக் என்றால் வெறும் இரும்பு இல்லை, ஊர்ப் பெருமை.

ரேஸ் பைக்கில் 'ஒரிஜினல்' ஏன் குழப்பமான சொல்?

வீட்டு உபயோக பைக்குக்கு 'ஒரிஜினல்' என்றால் சுலபம். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பெயின்ட், டேங்க், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்து சரிபார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ரேஸ் பைக் அப்படி இல்லை. அது பந்தயத்துக்குப் பந்தயம் மாறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் வெடித்தால் வேறு இன்ஜின் ஏறும். விழுந்தால் ஃபிரேமை நிமிர்த்துவார்கள், இல்லையென்றால் மாற்றுவார்கள். டேங்க், வீல், கார்புரேட்டர் எதுவும் நிலையில்லை. தளத்தில் மட்டுமே ஓடும் வண்டிகளில் பலவற்றுக்கு ஆர்.சி.யே கிடையாது.

பழவேற்காடு ஏரியில் ஓடும் மரப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் பலகையை அரிக்கும், மாற்றுவார்கள். அடுத்த வருஷம் இன்னொரு பலகை. கடைசியில் முதலில் போட்ட பலகை ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். ஆனாலும் 'இது எங்க அப்பா காலத்துப் படகு' என்றுதான் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஏனென்றால் படகு ஒருநாளும் கைவிட்டுப் போகவில்லை. ரேஸ் பைக்கின் அசல் தன்மையும் இதே மாதிரிதான். உதிரிபாகத்தைவிட, அறுபடாத வரலாறுதான் முக்கியம்.

எத்தனை வகை வண்டிகள் இருக்கின்றன?

பழைய பைக் உலகில் புழங்கும் வகைகளைச் சுருக்கமாகப் பிரித்தால் இப்படி வரும்.

* கை படாத அசல்: பெயின்ட் உரிந்திருந்தாலும், துரு ஏறியிருந்தாலும், அன்று இருந்தபடியே இருக்கும் வண்டி. மிக அரிது.
* ரீஸ்டோர் செய்தது: அதே வண்டியைப் பழுது நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்தது.
* அந்தக் காலத்திலேயே மாற்றப்பட்டது: ரோட்டு பைக்காகப் பிறந்து, அன்றைய மெக்கானிக் கையால் ரேஸ் பைக்காக மாறியது. சோழவரத்தில் ஓடிய உள்நாட்டு வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.
* கதம்பம்: நாலைந்து வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது.
* ரெப்ளிக்கா: பழைய வடிவத்தைப் பார்த்து, புதிய பாகங்களால் கட்டி, 'இது ரெப்ளிக்கா' என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவது.
* ரெட்ரோ: பழைய தோற்றத்தில் கம்பெனியே தயாரிக்கும் புது மாடல். ராயல் என்ஃபீல்டின் இன்றைய கான்டினென்டல் ஜிடி இதற்கு நல்ல உதாரணம். 1960-களில் வந்த 250 சிசி வண்டியின் பெயரும் சாயலும் அதில் இருக்கும். ஆனால் அது முழுக்க இன்றைய வண்டி.
* போலி: கதம்பத்தையோ ரெப்ளிக்காவையோ அசல் என்று சொல்லி விற்பது.

கடைசி வகையைக் கவனியுங்கள். கதம்பத்துக்கும் ரெப்ளிக்காவுக்கும் போலிக்கும் இடையே இரும்பில் எந்த வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம். சொல்லும் வார்த்தையில்தான் வித்தியாசம்.

உலகத்தில் ரெப்ளிக்கா ஏன் கட்டுகிறார்கள்?

இதற்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் மேங்ஸ் நார்டன். 1950-களில் தனியார் ரேஸர்களின் கனவு வண்டி. அதன் புகழ்பெற்ற 'ஃபெதர்பெட்' ஃபிரேமை வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேன்ட்லஸ் உருவாக்கினார். 1950-ல் அது களத்துக்கு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் மேங்ஸ் தயாரிப்பு நின்றுபோனது.

ஆனால் பழைய பைக்குகளுக்கான கிளாசிக் ரேஸ்கள் பின்னாளில் சூடு பிடித்தன. இங்கேதான் சிக்கல். மேங்ஸ் இன்ஜின் உறைகளில் எடை குறைக்க மெக்னீசியக் கலவை பயன்படுத்தினார்கள். மெக்னீசியம் வயதாக ஆக அரிக்கும், விரிசல் விடும். கடற்கரைக் காற்றில் இரும்பே என்ன ஆகும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெக்னீசியம் அதைவிட மோசம். அறுபது வயது உறையை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டினால், உடையும்போது வண்டி மட்டும் போகாது, ஓட்டுபவர் உயிரும் சேர்ந்து ஆபத்தில் சிக்கும்.

அதனால் இங்கிலாந்தில் ஆண்டி மோல்னார் போன்றவர்கள் மேங்ஸ் வண்டிகளைப் புதிதாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஏஜேஎஸ் 7ஆர், மேட்ச்லெஸ் ஜி50 போன்ற ரேஸ் வண்டிகளுக்கும் புது இன்ஜின்கள் வந்தன. ஹோண்டாவின் 1960-களின் ஆறு சிலிண்டர் ரேஸ் பைக்கையே ஜார்ஜ் பீல் என்பவர் ரெப்ளிக்காவாகக் கட்டவைத்தார். யாரும் இதை மோசடி என்று சொல்லவில்லை. காரணம், 'இது புதுசு' என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ரெப்ளிக்கா களத்தில் ஓடும்போது, மிச்சமிருக்கும் அசல் வண்டி பத்திரமாக இருக்கும். கூடவே கைவேலையும் சாகாமல் இருக்கும். வார்ப்பு, லேத், வெல்டிங், ஸ்போக் கட்டுவது எல்லாம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

அப்போ போலி எங்கே ஆரம்பிக்கிறது?

பணம் புகும் இடத்தில். ஒரே தோற்றமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று ரேஸ் மாடல், இன்னொன்று சாதாரண மாடல் என்றால் விலை பல மடங்கு மாறும்.

பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் இதற்குப் பெயர் போனது. அதே கம்பெனியின் பி31, பி33 என்ற சாதாரண வண்டிகள் பார்க்க ஏறத்தாழ அப்படியே இருக்கும். டேங்கை மாற்றி, பேட்ஜ் ஒட்டி, நம்பரைத் தட்டினால் 'கோல்டு ஸ்டார்' ரெடி. ஆனால் தெரிந்தவர்கள் குனிந்து ஃபிரேமின் வலது கீழ்க்குழாயைப் பார்ப்பார்கள். பின்னாளைய கோல்டு ஸ்டாரில் ஆயில் பம்புக்கு வழிவிட அந்தக் குழாய் லேசாக வளைந்திருக்கும். சாதாரண வண்டியில் நேராக இருக்கும்.

மேங்ஸிலும் இதே கதை. நார்டனின் ரோட்டு பைக்குகளும் ஃபெதர்பெட் வடிவத்தில் வந்தன. ஆனால் ரேஸ் ஃபிரேம் 'ரெனால்ட்ஸ் 531' என்ற உயர்ரகக் குழாயில், வெண்கலப் பற்று வைத்து இணைக்கப்பட்டது. ரோட்டு ஃபிரேம் சாதாரண எஃகு, சாதாரண வெல்டிங். பெயின்டுக்கு அடியில் இணைப்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நம்மூர் உதாரணமும் இருக்கிறது. 1983 முதல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி350-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஜப்பான் வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக். இந்திய வண்டியில் டிரம் பிரேக். டிஸ்க் மாட்டிவிட்டு 'இது ஜப்பான் இம்போர்ட்' என்று ஒருவர் சொன்னால், பிரேக்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நம்பரையும் ஆவணத்தையும் கேட்க வேண்டும்.

'சோழவரத்துல ஓடின வண்டி' என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

1. அறுத்த தடயம். ரேஸுக்குப் போன வண்டியில் ஹெட்லைட் பிடி, ஸ்டாண்ட் பிடி போன்றவற்றை அறுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபுட்ரெஸ்ட் பின்னால் நகர்ந்திருக்கும். அந்த வெல்டிங் பழையதாக இருக்கிறதா, போன மாதம் போட்டதா என்று பாருங்கள்.

2. கம்பித் துளைகள். ஆயில் டிரெயின் போல்ட், ஆக்சில் நட்டு போன்றவை ஓட்டத்தில் கழலாமல் இருக்க ரேஸில் சன்னக் கம்பியால் கட்டுவார்கள். அதற்காகப் போல்டுகளில் சின்னத் துளைகள் இருக்கும். ரோட்டு வண்டியில் இதற்கு வேலையே இல்லை.

3. நம்பர் அடித்த இடம். எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி எல்லாம் அந்தக் காலக் கம்பெனி அடிப்போடு ஒத்துப்போக வேண்டும். சுற்றிலும் அரம் வைத்துத் தேய்த்த அடையாளம் இருந்தால் உடனே உஷாராகிவிடுங்கள்.

4. மரை. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் அங்குல அளவு மரைகள் இருக்கும். எல்லா இடத்திலும் மில்லிமீட்டர் போல்ட் உட்கார்கிறது என்றால் அந்தப் பாகம் பின்னால் செய்தது.

5. இன்ஜின் அளவு. புல்லட் 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. ஜாவா 250-ல் போர் 65, ஸ்ட்ரோக் 75 மி.மீ. ரேஸுக்காக மாற்றியிருந்தால் என்ன மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

6. ஆவணம். பந்தய நிகழ்ச்சி நிரல் புத்தகம், பழைய புகைப்படம், பத்திரிகைச் செய்தி, பட்டறை பில், உரிமையாளர் கைமாறிய கடிதம். இவற்றில் புகைப்படம்தான் பெரிய சாட்சி. படத்தில் தெரியும் நெளிவு, வெல்டிங் மேடு, துளை ஆகியவை இன்றைய வண்டியில் அதே இடத்தில் இருந்தால், அதற்கு மேல் பேச்சே இல்லை.

பிரிட்டனில் 1946-ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், பல பழைய கம்பெனிகளின் அனுப்புகைப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. எந்த நம்பர் வண்டி எந்த மாடலாக வெளியே போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சோழவரம் வண்டிகளோ உள்ளூர்ப் பட்டறையில் மாறியவை. எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் அந்த மாற்றம் இருக்காது. அன்றைய மெக்கானிக்குகளின் நினைவும் வீட்டு ஆல்பங்களும்தான் பதிவேடு.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி ஏற்பாடு வந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். புதிதாகப் பதிவு செய்தால் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'விஏ' என்ற எழுத்துகளுடன் நம்பர் கிடைக்கும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும். கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது.

முக்கியமான நிபந்தனை இதுதான்: வண்டி மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

நேற்று கட்டிய ரெப்ளிக்காவுக்கு இதில் இடமே இல்லை. சாதாரண வண்டியாகவும் அதை ஓட்டுவது சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தந்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பொதுச் சாலையில் அனுமதியின்றி ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, ரெப்ளிக்கா ரேஸ் பைக் கட்டினால் அதன் இடம் மூடிய ரேஸ் டிராக். காட்டூர் ரோட்டில் 'சும்மா ஒரு ரவுண்டு' என்று எடுக்க முடியாது. டிராக்குக்கும் வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இதில் சோழவரம் வண்டிக்கு என்ன ஆபத்து?

யோசித்துப் பாருங்கள். 1960-களில் ஒரு புல்லட். அன்றைய மெக்கானிக் ஃபிரேமில் கை வைத்து, இன்ஜினை மாற்றி, சோழவரத்தில் ஓட்டினார். இன்று அந்த வண்டிக்கு 50 வயதுக்கு மேல். ஆனால் விதியின் வரிகளை அப்படியே படித்தால், அது 'மூல வடிவத்தில்' இல்லை. கம்பெனி வடிவத்துக்கே திருப்பினால் விதிக்குப் பொருந்தும், சந்தையிலும் நல்ல விலை.

அதனால் உரிமையாளர் என்ன செய்வார்? அறுத்த பிடிகளைத் திரும்ப ஒட்டுவார். ஹெட்லைட், மட்கார்டு, பளபள குரோம் எல்லாம் வரும். கம்பித் துளை போட்ட போல்டுகள் குப்பைக்குப் போகும். வண்டி ஷோரூம் மாதிரி ஜொலிக்கும். 'பக்கா ஒரிஜினல்' என்று பெயரும் கிடைக்கும். ஆனால் அது சோழவரத்தில் ஓடியதற்கான சாட்சி ஒன்றுகூட மிஞ்சாது.

உலக அளவில் பழைய வாகனங்களுக்கான கூட்டமைப்பான ஃபிவா இதை வேறு மாதிரி பார்க்கிறது. வண்டியின் காலத்திலேயே செய்யப்பட்ட மாற்றத்தை அது தனி வகையாக அங்கீகரிக்கிறது. அந்த மாற்றமும் வரலாறுதான் என்பது அதன் நிலைப்பாடு. அதன் டுரின் சாசனமும் புதுசுபோல் மெருகேற்றுவதைவிட, வண்டி வாழ்ந்த வாழ்க்கையின் தடயங்களைக் காப்பதற்கே முன்னுரிமை தருகிறது.

நம் சட்டத்தின் நோக்கம் தவறில்லை. போலிகளைத் தடுக்க 'மூல வடிவம்' என்ற அளவுகோல் தேவைதான். ஆனால் அதே அளவுகோல், நம்மூர் மெக்கானிக்கின் கைவேலையைக் 'குறை'யாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டு ரேஸ் வண்டி தொழிற்சாலையில் பிறந்தது. நம் ரேஸ் வண்டி பட்டறையில் பிறந்தது. பட்டறை வேலையை அழித்துவிட்டால் இங்கே காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

உங்களிடம் உண்மையிலேயே ரேஸில் ஓடிய பழைய வண்டி இருந்தால், ஸ்பேனரைத் தொடும் முன் கேமராவை எடுங்கள். ஒவ்வொரு வெல்டிங், துளை, நம்பர் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். கழற்றும் பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாமல் பெயரெழுதி மூட்டை கட்டுங்கள். வண்டியைத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், அவர் பேசுவதை ஃபோனில் பதிவு செய்துவையுங்கள். இது அவசரமான வேலை.

பந்தயத் தோற்றம்தான் வேண்டும் என்றால், அசல் வண்டியை வெட்டாதீர்கள். கதம்பப் பாகங்களில் அல்லது புதுப் பாகங்களில் ரெப்ளிக்கா கட்டுங்கள். பழைய நம்பரை அடிக்காதீர்கள். ஃபிரேமில் கட்டிய வருஷத்தையும் பட்டறையின் பெயரையும் அடித்துவிடுங்கள். நாளை அது நாலு கை மாறினாலும் யாரும் ஏமாற மாட்டார்கள். கட்டியவருக்கும் பெயர் நிற்கும்.

வாங்கப் போகிறவர் என்றால், 'ஒரிஜினலா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். 'எது எது மாறியிருக்கு, எப்போ மாறுச்சு, யார் மாத்துனாங்க?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் பேரம் பேசலாம். பதில் சொல்லத் தயங்குபவரிடமிருந்து, வண்டி எவ்வளவு பளபளத்தாலும், பணத்தை எடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.